கிட்டும் டாக்கரும் புரியலன்னா தப்பு உன் இங்கிலீஷ்ல இல்ல தம்பி

தம்பி கேட்டது சுருக்கமா இதான்: பி.காம் முடிச்சுட்டு பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு ஹோல்சேல் கடையில அக்கவுண்ட்ஸ் பாக்கறான், வீடு தண்டையார்பேட்டை, டாலின்ற கணக்கு சாஃப்ட்வேர் நல்லா வரும், எக்ஸலும் வரும். சாயந்திரத்துல வெப் டெவலப்மெண்ட் கத்துக்கறான், ஜாவாஸ்கிரிப்ட் வரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டான், கிட்டு (எழுதின கோட வெர்ஷன் வெர்ஷனா சேத்து வெக்கற சாஃப்ட்வேர்), டாக்கர் (ஒரு சாஃப்ட்வேர அதுக்கு வேண்டியதோட சேத்து கட்டி எந்த மெஷின்லயும் ஓட விடறது)னு வந்ததும் மண்டை காயுது, மூணு வாட்டி முதல்லேர்ந்து பாத்தும் நிக்கல. "கூட படிக்கறவங்க இங்கிலீஷ் மீடியம், அவங்களுக்கு புரியுது போல, எனக்கு இங்கிலீஷ் பத்தலையா இல்ல நான் இதுக்கு சரிப்பட மாட்டேனா"ன்னு கேக்கறான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் புரியல. தலைய ஆட்ட பழகியிருக்காங்க, அவ்ளோதான். நான் இண்டர்வியூ எடுக்கற சீட்ல உக்காந்து பல வருஷம் ஆச்சு, நல்லா கோட் எழுதற ஆளுங்ககிட்டயே "கிட்டுல இண்டெக்ஸ்னா இன்னாப்பா"ன்னு கேட்டா மேல ஃபேன பாப்பாங்க. தினமும் அதை யூஸ் பண்றவங்கதான், பேருதான் தெரியாது. அதனால இது உன் மூளை சமாச்சாரம் இல்ல, இங்கிலீஷ் சமாச்சாரமும் பாதிக்கு மேல இல்ல. அந்த சாஃப்ட்வேர செஞ்சவங்க வெச்ச பேருங்க இருக்கே, அதுலதான் வினை.

நீயே யோசி, டாலி உனக்கு எப்படி சட்டுனு வந்துச்சு? அதுவும் இங்கிலீஷ்தானே. எஃப்5 அடிச்சா பேமெண்ட், எஃப்6 ரிசீட், எஃப்4 கான்ட்ரா. அதுல வர்ற வவுச்சர், லெட்ஜர், ஜர்னல், சன்ட்ரி டெட்டார்ஸ் எல்லாம் நீ ப்ளஸ் ஒன் அக்கவுண்டன்சிலயே படிச்ச வார்த்தைங்க, கடையில மொதலாளி வாயில தினமும் வர்ற வார்த்தைங்க. சாஃப்ட்வேர் புதுசு, வார்த்தை பழசு. அங்கயும் லேசா ஒரு ட்விஸ்ட் உண்டு, பழைய கணக்குப்புள்ளைய கேட்டா லெட்ஜர்ன்றது மொத்தமான பேரேடு புக்கு, டாலில ஒவ்வொரு பார்ட்டியும் ஒரு லெட்ஜர். ஆனா அந்த வித்தியாசம் ரெண்டு நாள்ல பழகிடும், ஏன்னா பேரேட்டுல ஒரு பக்கம்தான் அதுன்னு கண்ணுக்கு தெரியுது. கிட்டுல அந்த மாதிரி பிடிச்சுக்க ஒரு கம்பி கூட கிடையாது.

நடுவுல ஒரு கதை. எங்க அப்பா ஹார்பர்ல டாலி கிளார்க். கப்பல்லேர்ந்து இறங்கற சரக்க எண்ணி எழுதற வேலை, அதுக்கு பேரு டாலி. நான் ராயபுரத்துல ஒரு சென்டர்ல டாலி கிளாஸ் சேர்ந்துட்டேன்னு வீட்ல சொன்னதும் மனுஷன் சந்தோஷத்துல பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் பையன் ஹார்பர் வேலைக்கு படிக்கறான்னு சொல்லிட்டாரு. ஒரு மாசம் கழிச்சுதான் ரெண்டு பேரும் வேற வேற டாலி பத்தி பேசிக்கிட்டிருக்கோம்னே தெரிஞ்சுது. அந்த ஒரு மாசமும் பேச்சு ஸ்மூத்தாதான் போச்சு, "கிளாஸ் எப்படி போவுது", "நல்லா போவுதுபா". தெரியாத வார்த்தைய கேட்டா நின்னு இன்னான்னு கேப்போம், தெரிஞ்ச வார்த்தைய கேட்டா தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயிடுவோம். ஆபத்தே இங்கதான்.

காசிமேட்டுல இதுக்கு சூப்பரா ஒரு உதாரணம் இருக்கு. நம்ம ஏரியால ஷீலான்னா நீட்ட மூஞ்சி, கூரா பல்லு வெச்சிருக்கற மீனு. தூத்துக்குடி பக்கத்து ஆளுகிட்ட சீலா மீனுன்னு சொல்லு, அவரு நம்ம வஞ்சிரத்த நெனப்பாரு. ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும், மீனு தெரியும், ஆனா ஃபோன்ல ஆர்டர் குடுத்தா வேற மீனு வந்து நிக்கும், வெலையும் வேற. சாஃப்ட்வேர்ல இந்த ஷீலா-சீலா வகைதான் பாதிக்கு பாதி.

நான் வேலைக்கு சேர்ந்தப்ப எஸ்விஎன்னு ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு, கிட்டு மாதிரியேதான், கோட வெர்ஷன் வெர்ஷனா வெச்சுக்கறது, என்ன, எல்லாம் ஒரு சர்வர்ல இருக்கும். அதுல செக்அவுட்னா சர்வர்லேர்ந்து ஒரு காப்பி எடுத்துட்டு வர்றது. அப்புறம் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினேன், அங்க கிட்டு. மத்தியானம் வரைக்கும் உக்காந்து ஒரு பக்கத்த முழுசா மாத்தி எழுதியிருந்தேன், கமிட் பண்ணல, அதாவது இதை ஒரு வெர்ஷனா கிட்டுல பதிவு போடல. சர்வர்ல புதுசா ஏதாச்சும் வந்திருக்கும், எடுத்துக்கலாம்னு "கிட் செக்அவுட்" போட்டு ஒரு புள்ளி வெச்சு என்டர் தட்டினேன். கிட்டுல அதுக்கு அர்த்தம், இந்த ஃபோல்டர்ல நான் மாத்தினத தூக்கிப்போட்டு பழையபடி ஆக்குன்னு. சர்வர் பக்கமே அது போகல. ஒரு கேள்வி கேக்கல, ஒரு வார்னிங் இல்ல, அரை நாள் வேலை ஆவியா போயிடுச்சு. டீம் லீடு வந்து "டாக்குமெண்டேஷன் படிக்கலையா"ன்னாரு. படிச்சேன்பா, எஸ்விஎன்னோடத படிச்சேன்.

ரிவர்ட்டும் அதே கேஸ்தான். எஸ்விஎன்ல ரிவர்ட்னா இன்னும் கமிட் பண்ணாதத தூக்கிப்போடறது. கிட்டுல ரிவர்ட்னா ஏற்கனவே கமிட் பண்ண ஒண்ணுக்கு நேர் எதிரா புதுசா ஒரு கமிட் போட்டு அதை சரிக்கட்டறது. உன் பாஷையில சொன்னா, எஸ்விஎன் ரிவர்ட்ன்றது பென்சில்ல எழுதினத அழிக்கறது, கிட் ரிவர்ட்ன்றது தப்பான என்ட்ரிக்கு ரிவர்ஸ் என்ட்ரி பாஸ் பண்றது. அக்கவுண்ட்ஸ்காரன் நீ, ரெண்டாவத கேட்டவுடனே "ஓ இதானா"ன்னிருப்ப, ஆனா எந்த வீடியோலயும் அப்படி சொல்லியிருக்க மாட்டாங்க.

அந்த செக்அவுட் பஞ்சாயத்து அவ்ளோ பெருசாகி, கடைசில கிட்டு செய்யறவங்களே 2019 ஆகஸ்ட்ல, 2.23ன்ற வெர்ஷன்ல, அந்த ஒரே கமாண்ட ரெண்டா பிரிச்சாங்க, கிளை (பிரான்ச், ஒரே கோட்ல தனியா பிரிஞ்சு போற வேலை வரிசை) மாத்தறதுக்கு ஸ்விட்ச், ஃபைல பழையபடி ஆக்கறதுக்கு ரெஸ்டோர். நல்ல காரியம்தான். ஆனா பழசையும் எடுக்கல, எடுக்கவும் முடியாது, உலகம் பூரா ஸ்கிரிப்ட்டுங்க அதை நம்பி ஓடுது. அதனால பழைய வீடியோல செக்அவுட், புது வீடியோல ஸ்விட்ச், ஆபீஸ்ல சீனியர் வாயில திரும்ப செக்அவுட், நீ நடுவுல நின்னு இது மூணும் வேற வேற போலன்னு நெனச்சுக்கற. இதே மாதிரி கிட் கோட நெட்ல வெக்கற தளமான கிட்ஹப் 2020 அக்டோபர்லேர்ந்து புது ரெப்போல (ஒரு ப்ராஜெக்ட்டோட கோட் இருக்கற இடம்) மொதல் கிளைக்கு மெயின்ற பேர வெக்குது, அதுக்கு முந்தின பாடம் எல்லாத்துலயும் மாஸ்டர். மாஸ்டர்னா ஏதோ பெரிய பவர் உள்ள கிளைன்னு நெனச்சு பயந்த பசங்கள பாத்திருக்கேன். வெறும் பேருப்பா அது, சுப்ரமணின்னு வெச்சாலும் வேலை செய்யும்.

இப்ப அந்த இண்டெக்ஸ் மேட்டருக்கு வர்றேன், நீ மூணு வாட்டி மாட்டினது அங்கதான்னு எனக்கு தோணுது. கேரம் போர்டு உனக்கு தெரியாம இருக்காது. ரூல் புக்குல குயின்னு போட்டிருக்கும், நம்ம தெருவுல ரெட்டு. ரூல் புக்குல கவர், நம்ம வாயில ஃபாலோ. ரெண்டும் ஒண்ணுதான்னு யாரும் உனக்கு கிளாஸ் எடுக்கல, போர்டுல காயின் செவப்பா கண்ணு முன்னாடி கெடக்குது, பேரு எத்தனை இருந்தா என்ன. கிட்டுலயும் கமிட் பண்றதுக்கு முன்னாடி "இதெல்லாம் அடுத்த கமிட்ல போகணும்"னு எடுத்து வெக்கற ஒரு இடம் இருக்கு. அதுக்கு மூணு பேரு. டிஸ்க்குல இருக்கற ஃபைல் பேரு இண்டெக்ஸ். கமாண்ட்ல போடற ஆப்ஷன் பேரு கேஷ்டு. வாத்தியார் வாயில வர்ற பேரு ஸ்டேஜிங் ஏரியா. போதாத குறைக்கு டிஃப் கமாண்ட்ல கேஷ்டுன்னும் போடலாம், ஸ்டேஜ்டுன்னும் போடலாம், ரெண்டும் ஒரே வேலை. இங்க செவப்பு காயின் கண்ணுக்கு தெரியாது, அதனால மூணு பேர கேட்டவன் மூணு பொருள் இருக்குன்னு நெனச்சுக்கறான். அவன் மேல என்ன தப்பு?

எப்படி இப்படி ஆச்சுன்னா, லினக்ஸ செஞ்ச லினஸ் டொர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட நடு பாகம்) வேலைக்காக அவசர அவசரமா கிட்ட எழுதினாரு. மொதல் நாள் ரீட்மீ ஃபைல்ல அந்த இடத்துக்கு அவரு வெச்ச பேரு "கரன்ட் டைரக்டரி கேஷ்", ஃபைலுக்கு வெச்ச பேரு இண்டெக்ஸ். ஸ்டேஜிங்ன்றது பின்னாடி யூஸ் பண்றவங்களும் சொல்லிக்குடுக்கறவங்களும் பழக்கத்துல கொண்டாந்தது, அதுதான் மூணுல உருப்படியான பேரும் கூட. அவரு அடியில இருக்கற பைப்லைன் வேலைய மட்டும் செஞ்சா போதும், மேல ஜனங்க தொடற பாகத்த வேற யாராச்சும் அழகா கட்டிப்பாங்கன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கே கிட்டுல அஃபிஷியலா பேரு உண்டு, அடியில இருக்கற கமாண்டுங்க பிளம்பிங், மேல இருக்கறது போர்சலின். ஆமா, பாத்ரூம் பீங்கான்தான். பீங்கான போட வந்தவங்க பைப்போட பேர அப்படியே வெளிய விட்டுட்டாங்க, இன்னிக்கு நாம அந்த பைப்ப புடிச்சு தொங்கறோம்.

சின்ன சின்னதா இன்னும் இருக்கு, வேகமா சொல்லிடறேன். ரிமோட் டிராக்கிங் பிரான்ச்னு ஒண்ணு வரும், பேர பாத்தா எங்கயோ தூரத்துல இருக்கற மாதிரி, அது உன் மெஷின்லயேதான் இருக்கு, சர்வர கடைசியா நீ எட்டிப்பாத்தப்ப அங்க எப்படி இருந்துச்சுன்றதோட ஞாபகக்குறிப்பு. என் கோட உங்களோடதுல சேத்துக்கோங்கன்னு கேக்கறதுக்கு கிட்ஹப்ல புல் ரெக்வெஸ்ட்னு பேரு, அதே மாதிரி தளமான கிட்லேப்ல மெர்ஜ் ரெக்வெஸ்ட்னு சொல்றாங்க, சரக்கு ஒண்ணுதான், என்னைய கேட்டா கிட்லேப் பேருதான் நேர்மையானது. அப்புறம் அவர்ஸ், தெயர்ஸ். ரெண்டு கிளைய மெர்ஜ் பண்றப்ப, அதாவது ஒண்ணா சேக்கறப்ப, மோதிக்கிச்சுன்னா எது நம்மளுது எது அவங்களுதுன்னு கேக்கும், நீ நிக்கற கிளை அவர்ஸ், வர்றது தெயர்ஸ். சரின்னு மனப்பாடம் பண்ணிட்டு ரீபேஸ் பண்ணப்போனா அப்படியே திரும்பிக்கும், அங்க நீ எழுதின வேலைக்கு பேரு தெயர்ஸ். ஏன்னா ரீபேஸ்ல உன் வேலைய கழட்டி வெச்சுட்டு, அடுத்தவன் கிளை மேல போய் நின்னுக்கிட்டு, உன்னுத ஒண்ணொண்ணா எடுத்து வெக்குது, நிக்கற இடம் அவனுதுன்றதால அவர்ஸ் அவனுது. லாஜிக் கரெக்ட்தான். ஆனா மிட்நைட்டுல கான்ஃப்ளிக்ட் வந்தப்ப எவனுக்கு இது ஞாபகம் இருக்கும்?

டாக்கர் உனக்கு ஏன் கஷ்டமா இருக்குதுன்னு கூட சொல்றேன், இது எண்ணூர் ரோட்டுல டிரெய்லர் லாரி பின்னாடி மாட்டி நின்னு வளர்ந்தவனுக்கு வர்ற ஸ்பெஷல் கஷ்டம். நமக்கு கன்டெய்னர்னா இருவது அடி, நாப்பது அடி பொட்டி. சரக்க உள்ள ஸ்டஃப்பிங் பண்ணுவாங்க, சீல் போடுவாங்க, லாரில ஏத்துவாங்க, ஹார்பர் போகும், கப்பல்ல போகும். ஊர் விட்டு ஊர் போறது கன்டெய்னர். 2013ல டாக்கர் வந்தப்ப அவங்களும் அதே படத்ததான் காட்டினாங்க, திமிங்கிலம் முதுகு மேல கன்டெய்னர் அடுக்கின லோகோ. எங்க செஞ்சாலும் ஒரே சைஸ் பொட்டி, எந்த கப்பல்லயும் ஏறும், அதே மாதிரி எந்த மெஷின்லயும் உங்க சாஃப்ட்வேர் ஓடும்னு. ஐடியா சூப்பர். ஆனா உள்ள போய் பாத்தா ஊர் விட்டு ஊர் போறது கன்டெய்னர் இல்ல, அதுக்கு பேரு இமேஜ். புஷ் பண்றது (சர்வர்ல ஏத்தறது) இமேஜ், புல் பண்றது (அங்கேர்ந்து இறக்கறது) இமேஜ். அந்த இமேஜ வெச்சு உன் மெஷின்ல ஒண்ண ஓட விடற பாரு, அந்த ஓடறதுக்குதான் பேரு கன்டெய்னர். ஒரு இமேஜ்லேர்ந்து பத்து கன்டெய்னர் ஓட விடலாம். ஹார்பர் கணக்குல பாத்தா ஒரு பொட்டிலேர்ந்து பத்து பொட்டி வர்றதுக்கு சான்ஸே இல்ல. இமேஜ்னா ஃபோட்டோன்னு நீ நெனச்சிருப்ப, நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். பலகாரக்கடை அச்சுன்னு நெனச்சுக்கோ, அச்சு ஒண்ணு, அதுல அழுத்தி எடுக்கற அதிரசம் எத்தனை வேணாலும். சரி, அதிரசத்துக்கு அச்சு கிடையாது, முறுக்குன்னு வெச்சுக்கோ.

இது புரிஞ்சா மீதி பாதி தானா வரும். ரன்னுன்னா இமேஜ்லேர்ந்து புதுசா ஒரு கன்டெய்னர் செஞ்சு ஓட விடறது, ஸ்டார்ட்னா ஏற்கனவே செஞ்சு நிறுத்தி வெச்சத மறுபடி ஓட விடறது. இது தெரியாம தினமும் காலைல ரன் ரன்னுனு தட்டி, நேத்து உள்ள போட்ட டேட்டா எங்கடான்னு தேடுவாங்க, அது நேத்திய கன்டெய்னர்ல பத்திரமா தூங்கிட்டிருக்கும். சேவ்னா இமேஜ ஃபைலா எழுதறது, எக்ஸ்போர்ட்னா கன்டெய்னர் உள்ள இருக்கற ஃபைலுங்கள எழுதறது, நம்ம ஊர்ல எக்ஸ்போர்ட்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். இமேஜ் எப்படி செய்யணும்னு எழுதற டாக்கர் ஃபைல்ல எக்ஸ்போஸ்னு ஒரு வரி வரும், அதை போட்டா போர்ட் (ஹார்பர் இல்ல, சாஃப்ட்வேர் நெட்வொர்க்ல பேசற வாசல் நம்பர்) வெளிய தொறந்துடும்னு பேரு சொல்லுது, தொறக்காது. இந்த போர்ட்ல ஆளு உக்காந்திருக்குன்னு எழுதி வெக்கற போர்டு மட்டும்தான் அது, தொறக்கணும்னா ரன் பண்றப்ப மைனஸ் பி போட்டு நீ சொல்லணும், கோலனுக்கு இடதுபக்கம் உன் மெஷின் போர்ட், வலதுபக்கம் கன்டெய்னர் போர்ட். இதுக்கெல்லாம் மகுடம், இமேஜ் பேரோட ஒட்டற லேட்டஸ்ட்னு ஒரு டேக். லேட்டஸ்ட்னா கடைசியா வந்ததுன்னு தானே நெனப்போம்? டேக் பேரு எதுவும் சொல்லலன்னா தானா ஒட்டிக்கற பேருதான் லேட்டஸ்ட், அவ்ளோதான் அதோட தகுதி. ரெண்டு வருஷம் பழைய இமேஜுக்கு கூட அந்த பேரு இருக்கலாம்.

இதெல்லாம் இப்ப வந்த வியாதின்னு நெனக்காத. டான் நார்மன்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர் 1981லயே டேட்டாமேஷன்ற பத்திரிகைல யூனிக்ஸ்ன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்த கிழிச்சு எழுதினாரு, ஒரு ஃபைல்ல இருக்கறத ஸ்க்ரீன்ல காட்டறதுக்கு எதுக்குய்யா "கேட்"னு பேருன்னு. ஒண்ணோட ஒண்ண சேக்கறதுன்ற இங்கிலீஷ் வார்த்தைய நடுவுல வெட்டி எடுத்த துண்டு அது, ஆனா புதுசா பாக்கறவனுக்கு பூனைதான் தெரியும். யூனிக்ஸ செஞ்ச கென் தாம்சனே, மறுபடி செஞ்சா எத மாத்துவீங்கன்னு கேட்டதுக்கு, கிரியேட்ன்ற சிஸ்டம் கால் (ஃபைல் செஞ்சு குடுன்னு புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்த கூப்பிடறது) பேர்ல விட்டுப்போன கடைசி 'இ' எழுத்த சேத்துப்பேன்னு ஜோக்கடிச்சாரு. ஜோக்குதான், ஆனா நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த 'இ' இன்னும் வரல.

ஆனா ஒரு பக்கமா பேசக்கூடாது, பேரு வெக்கறது நிஜமாவே கஷ்டம். 1987ல ஃபர்னாஸ், லாண்டவர், கோமஸ், டுமாய்ஸ்னு நாலு பேரு, பெல் கம்யூனிகேஷன்ஸ் ரிசர்ச்ல இருந்தவங்க, ஆளுங்கள உக்கார வெச்சு இந்த பொருளுக்கு, இந்த வேலைக்கு நீங்களா ஒரு பேரு வைங்கன்னு கேட்டாங்க. ரெண்டு பேரு ஒரே பேர சொல்ற வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கம்மின்னு வந்துச்சு. அப்ப ஒருத்தன் தன் புத்திக்கு பட்ட நல்ல பேர வெச்சாலும் அஞ்சுல நாலு பேருக்கு அது ஒட்டாது. அதுக்கு அவங்க சொன்ன வைத்தியம், ஒரே பொருளுக்கு நெறைய பேரு வைங்க, எவன் எத சொல்லி தேடினாலும் கெடைக்கட்டும்னு. இங்க நீ என்னைய புடிக்கலாம், ஒரு பொருளுக்கு மூணு பேருன்னு தானே இப்ப கிட்ட திட்டினன்னு. தேடறவனுக்கு பத்து பேரு இருந்தா நல்லதுதான், காசிமேட்டுக்காரன் வஞ்சிரம்னும் நாகர்கோவில்காரன் நெய்மீனுன்னும் கேட்டு ஒரே மீன வாங்கிட்டு போகட்டும். ஆனா மீன் மார்க்கெட்டுல அது ஒரே மீனுதான்னு விக்கறவருக்கு தெரியும், கேட்டா சொல்வாரு. கிட்டு சொல்லாது. மூணு பேரும் ஒண்ணுன்னு எங்கயோ குளோசரில எழுதியிருக்கு, நீ மாட்டிக்கற இடத்துல எழுதல.

இன்னொண்ணும் ஒத்துக்கணும், எல்லாப் பழியையும் வார்த்தை மேல போட முடியாது. எம்ஐடில சான்டியாகோ பெரஸ் டி ரோஸோவும் டேனியல் ஜாக்சனும் 2013ல கிட்ட பிரிச்சு மேஞ்சு ஒரு பேப்பர் எழுதினாங்க, பேருங்களுக்கு அடியில இருக்கற ஐடியாவே ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்குன்னு. அந்த ஸ்டேஜிங் இடத்தையே தூக்கிட்டு கிட்லெஸ்னு ஒண்ணு செஞ்சும் காட்டினாங்க. நல்லா இருந்துச்சுன்னு படிச்சவங்க சொன்னாங்க, ஆனா வேலை குடுக்கற கம்பெனி எல்லாம் கிட்டுலயே இருக்கு. அப்ப நாமளும் அதுலதான் இருக்கணும், பேஜாரா இருந்தாலும்.

"அப்ப எல்லாத்தையும் தமிழ்ல போட்டா சரியாயிடுமா"ன்னு நீ கேக்கல, ஆனா கேப்ப. எனக்கு இதுல சொந்த அனுபவம் உண்டு. நான் ப்ளஸ் டூ கார்ப்பரேஷன் ஸ்கூல், தமிழ் மீடியம், கணிப்பொறி அறிவியல் புக்குல பாதி ஸ்டார் ஆபீஸ் (எம்எஸ் ஆபீஸ் மாதிரி ஒண்ணு), பாதி சி பிளஸ் பிளஸ். வேர்ட் ப்ராசஸருக்கு சொற்செயலி, ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அட்டவணைச் செயலி, அதுல வர்ற செல்லுக்கு நுண்ணறை. சொற்செயலின்னா இன்னிக்கும் எனக்கு புடிக்கும், சொல்ல வெச்சு செயல் செய்யறது, பாத்தவுடனே புரியுது. நுண்ணறைன்னு பரிட்சைல எழுதினதோட சரி, அதுக்கு பதிலா கட்டம்னு போட்டிருந்தா சின்னப்புள்ளைக்கும் தெரியும். மொழி பிரச்சனை இல்ல, தமிழ்லயும் கையில புடிக்கற மாதிரி பேரும் இருக்கு, வழுக்கற பேரும் இருக்கு. அந்த ஸ்டார் ஆபீஸ்லேயே ஒரு தமாஷு, எக்ஸல்ல பைவட் டேபிள்னு சொல்றாங்களே, அதுக்கு அங்க பேரு டேட்டா பைலட். லேப்ல அதை நோண்டி நல்லா பழகியிருந்தேன். மொதல் வேலைல "பைவட் போடத் தெரியுமா"ன்னு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து சீட்டு அக்கா போடறத பாத்தா, அட இது நம்ம பைலட்டு.

சரி, நீ என்ன பண்ணணும்? வீடியோவ மூடு. நாலாவது வாட்டி பாக்காத. ஒரு காலி ஃபோல்டர் போட்டு அதுல கிட் இனிட் அடி, அது உள்ள புள்ளி கிட்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர் வரும், அதை தொறந்து பாரு. ஹெட்னு ஒரு ஃபைல் இருக்கும், நோட்பேட்ல தொற, ஒரே ஒரு வரி, நீ இப்ப எந்த கிளைல நிக்கறன்னு எழுதியிருக்கும். அடுத்த தடவை டிடாச்டு ஹெட்னு மெசேஜ் வந்தா தலை துண்டாயிடுச்சோன்னு பதறாத, அந்த வரில கிளை பேருக்கு பதிலா நேரா ஒரு கமிட் நம்பர் எழுதியிருக்கு, அவ்ளோதான். ஒரு கமிட் போட்டுட்டு ரெஃப்ஸ், அதுக்குள்ள ஹெட்ஸ், அதுக்குள்ள உன் கிளை பேர்ல இருக்கற ஃபைல தொற, 40 எழுத்து இருக்கும், கடைசி கமிட்டோட நம்பர். பிரான்ச்னா பேங்க் பிரான்ச் மாதிரி தனியா ஒரு கட்டடம்னு நெனச்சிருப்ப இல்ல? ஒரு துண்டு சீட்டுடா அது, அதான் கிளை செய்யறதும் அழிக்கறதும் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள ஆயிடுது. கண்ணால பாத்துட்டா அப்புறம் எவன் எந்த பேர சொன்னாலும் உனக்கு செவப்பு காயின் போர்டுல தெரியும்.

அப்புறம் ஒரு நாப்பது பக்கம் நோட்டு வாங்கு. நான் இன்னும் எழுதறேன், கூச்சமில்ல. புது வார்த்தை வந்தா அதோட டிக்ஷனரி அர்த்தத்த எழுதாத, அதை அடிச்சதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, அடிச்சதுக்கு அப்புறம் எது மாறுச்சுன்னு உன் வாய்மொழில எழுது. பக்கத்துலயே இந்த வார்த்தைய இதுக்கு முன்னாடி எங்க கேட்டேன், அங்க என்ன அர்த்தம்னு ஒரு வரி. கமிட்டுக்கு நேரா "ஆளு கமிட் ஆயிட்டான்" அப்படின்னு எழுதினாலும் சரி, சிரிப்பா இருந்தா நிக்கும். கிட் ஹெல்ப் குளோசரின்னு அடிச்சா அவங்களே வெச்சிருக்கற அகராதி வரும், ஒரே மூச்சுல படிக்காத, சந்தேகம் வந்தப்ப மட்டும் போய் பாரு. இங்கிலீஷ் பேர தமிழாக்கி மனசுல வெச்சுக்கறது உன் இஷ்டம், ஆனா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கும் நோட்டுல இருக்கணும், எரர் வந்தா தேடறதுக்கு அதுதான் சாவி.

சந்தேகம் கேக்கறப்ப "செக்அவுட் வேலை செய்யல"ன்னு கேக்காத, "இந்த ஃபைல்ல காலைல நான் மாத்தினது வேணாம், நேத்து மாதிரி வேணும்"னு கேளு. வார்த்தைய சொல்லி கேட்டா எதிர்ல இருக்கறவன் அவனோட அர்த்தத்துல பதில் சொல்வான், திரும்ப டாலி கிளார்க் கதைதான்.

கிட்டுல இப்போதைக்கு ஆட், கமிட், ஸ்டேட்டஸ், ஸ்விட்ச், ரெஸ்டோர், புஷ், புல் இதோட நிறுத்திக்கோ, ரீபேஸ் பக்கமே போகாத, ஆபீஸ்ல எவனாச்சும் ரீபேஸ் பண்ணுன்னு சொல்ற அன்னிக்கு வந்து கேளு, அன்னிக்கு அந்த அவர்ஸ் தெயர்ஸ பேப்பர்ல வரைஞ்சு காட்றேன். டாக்கருக்கு ஒரு மாசம் கழிச்சு போ, அதுக்கு முன்னாடி லினக்ஸ்ல ஒரு புரோகிராம் எப்படி ஓடுது, போர்ட்னா என்னன்னு மட்டும் பாத்துட்டு போ. குபர்நெடிஸ்னு (கன்டெய்னருங்கள மொத்தமா மேய்க்கற சாஃப்ட்வேர்) யாராச்சும் ஆரம்பிச்சா நாஷ்டா சாப்பிட போறேன்னு எழுந்து வந்துடு.